பறவையா, தேளா

என் மாணவன் ஒருவன் வரைந்த படத்தில் நான் கைவைத்திருக்கக் கூடாது என்று ஒரு நாள் தோன்றுகிறது; திருத்தச் சொன்னது ஆசிரியரின் கடமைதான் என்று மறுநாள் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுகளாக இப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

எட்டாம் வகுப்பில் ‘பீமாயணம்’ வாசித்துக்கொண்டிருந்தோம். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்து 2011இல் வெளிவந்த, அம்பேத்கரின் தீண்டாமை அனுபவங்களைச் சொல்லும் படக்கதை நூல். பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் சிறுவன் பீமுக்கு, அதாவது அம்பேத்கருக்கு, தண்ணீர். அவர் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். அந்த நூலில் பேச்சுக் குமிழ்களுக்கும் குணம் உண்டு. மென்மையாகப் பேசுபவர்கள், சாதியால் துன்பப்படுபவர்கள் ஆகியோரின் சொற்கள் பறவை வடிவக் குமிழுக்குள் வரும். சாதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களின் சொற்களுக்குத் தேள்கொடுக்கு முளைத்திருக்கும். மனத்துக்குள் நினைப்பதற்குக் கண் வரைந்த குமிழ். மூன்றையும் கரும்பலகையில் வரைந்து, அவரவர் கண்ட ‘தண்ணீர்’ ஒன்றை ஒரு பக்கத்தில் வரைந்துவரச் சொன்னேன்.

பெரும்பாலானோர் மெட்ரோ வாட்டர் லாரியையும் வண்ணக் குடங்களின் வரிசையையும் வரைந்திருந்தார்கள். அந்த மாணவன் மட்டும் ஒரு சமையலறையை வரைந்திருந்தான். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ரப்பரால் மெல்லத் தேய்த்து ஒளிக்கீற்று வரவழைத்திருந்தான். வெளியே, பாத்திரம் தேய்க்கும் இடத்து ஜன்னல் திட்டில், கவிழ்த்துவைத்த ஒற்றைப் பிளாஸ்டிக் டம்ளர். அருகில் அவனுடைய அம்மா. வீட்டுக்காரப் பெண்மணி, “வெயில்ல வந்திருக்க, மொதல்ல தண்ணி குடி” என்கிறார். அந்தச் சொற்களைச் சுற்றி அலகும் இறகுமாக ஒரு பறவை.

“இங்க தேள்தானே வரணும்?” என்று கேட்டேன்.

“இல்ல மிஸ், அவங்க பாசமாத்தான் சொல்வாங்க.”

“அந்த டம்ளரப் பாரு. அது பாசமா?”

அவன் பதில் சொல்லவில்லை. ரப்பரை எடுத்து இறகை அழித்து, அலகை வளைத்துக் கொடுக்காக்கினான். தாள் பிசிறு தட்டியது. இறகின் தடம் அடியில் தெரிந்துகொண்டே இருந்தது.

என் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இனிய குரலில் சொல்லப்படுவதாலேயே தனி டம்ளர் பல வீடுகளில் கேள்விக்குள்ளாகாமல் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பறவையை அப்படியே விட்டிருந்தால், பாசமாகச் சொன்னால் தனி டம்ளரும் பரவாயில்லை என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும். இதை இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அந்தப் பிளாஸ்டிக் டம்ளரை வரைந்தது அவன்தான். நான் சுட்டிக்காட்டி அவன் அறிய வேண்டியதாக அது இருக்கவில்லை. படக்கதை வெறும் பொழுதுபோக்கு என்று ஆசிரியர் அறையில் சொல்பவர்களிடம் நான் வழக்கமாக வைக்கும் வாதமே இதுதான்: படம் ஒன்றைச் சொல்லும், சொல் வேறொன்றைச் சொல்லும், இரண்டையும் சேர்த்துப் பொருள்கொள்வது வாசிப்பவரின் வேலை. அவன் பறவையையும் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். நானோ கரும்பலகையில் எழுதிப்போட்டதை விடைக்குறிப்பாக்கி, அதோடு பொருந்தவில்லை என்று திருத்தினேன். விடுமுறை நாள்களில் அம்மாவுக்குத் துணையாக அவன் அந்த வீட்டுக்குப் போவதுண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்டவன் அவன், நான் கேட்டதில்லை.

இவ்வாண்டு குமிழ்களின் பொருளை முன்கூட்டியே சொல்லவில்லை. பாதிப் பேர் தேளை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோனார்கள். ஆகவே சொல்லிக்கொடுத்ததுதான் பிழை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அம்மாவின் தலைக்கு மேலே, கண் வரைந்த குமிழ் ஒன்றையும் அவன் போட்டிருந்தான். அதற்குள் ஒரு சொல்லும் இல்லை. எழுத மறந்துவிட்டானென்று எண்ணி ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன், அவனிடம் கேட்கவில்லை.