மெத்தைய கையால அமுக்கிப் பாத்து வாங்காதீங்க

மெத்தை வாங்கப் போறவங்கள கவனிச்சுப் பாருங்க, முக்காவாசிப் பேரு உள்ளங்கைய வச்சு ரெண்டு அமுக்கு அமுக்குவாங்க, ஓரத்துல உக்காந்து எந்திரிப்பாங்க, "நல்லா கெட்டியா இருக்கு, இதையே போட்டுடுங்க"ன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு அதப் பாத்தா மனசு கேக்காது. ராத்திரி ஏழெட்டு மணி நேரம் அதுமேல கிடக்கப்போறது உள்ளங்கை இல்லைங்க, தோளும் இடுப்பும் முதுகும். அதுங்களுக்கு சரியா இருக்கான்னு படுத்துப் பாத்தாதான் தெரியும்.

முதுகுவலின்னு சொன்னா உடனே எல்லாரும் சொல்றது "கெட்டி மெத்தையா வாங்கு, இல்லாட்டி தரையில படு". இது அப்படியே வாய்வழியா வந்துட்டே இருக்கு. ஆனா 2003ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஸ்பெயின்ல நாள்பட்ட இடுப்புவலி இருந்த 313 பேருக்கு, பாதிப் பேருக்கு கெட்டி மெத்தை மீதிப் பேருக்கு நடுத்தரமான மெத்தைன்னு குடுத்து 90 நாள் கழிச்சுப் பாத்தாங்க, நடுத்தர மெத்தையில படுத்தவங்களுக்குத்தான் வலி நல்லா குறைஞ்சிருந்துச்சு. ரொம்ப கெட்டியா இருந்தா தோளும் இடுப்பும் உள்ள அமுங்க எடமில்லாம அங்கேயே அழுத்தம் சேருது, ரொம்ப மெத்துன்னு இருந்தா இடுப்பு மட்டும் குழிக்குள்ள போய் முதுகெலும்பு வளைஞ்சிடுது, ரெண்டுமே வேலைக்கு ஆகாது. அதனால "ஆர்த்தோ"ன்னு மேல எழுதியிருக்குங்கிறதுக்காக மட்டும் ஒரு மெத்தைய வாங்காதீங்க, பல நேரம் அந்த பேருக்கு கெட்டியா இருக்கும்னு மட்டும்தான் அர்த்தம், உங்க முதுகுக்கு ஏத்ததுன்னு அர்த்தம் கிடையாது.

சரி எப்படி பாக்கறது? முதல்ல நீங்க எப்படி படுத்துத் தூங்குறீங்கன்னு யோசிங்க. ஒருக்களிச்சுப் படுக்குறவங்கன்னா கொஞ்சம் மெத்துன்னு இருக்கணும், தோள்பட்டை உள்ள இறங்க எடம் வேணும், இல்லன்னா காலையில கை மரத்துப்போய் எந்திரிப்பீங்க. மல்லாந்து படுக்குறவங்களுக்கு நடுத்தரம், இல்ல அதுக்கு ஒரு படி மேல கெட்டி. குப்புறப் படுக்குறவங்களுக்கு வயிறும் இடுப்பும் கீழ இறங்கிடக் கூடாது, அதனால கெட்டியாவே பாருங்க. இதோட உடம்பு எடையும் சேரும், ஒல்லியா இருக்கறவருக்கு பாறை மாதிரி தெரியற அதே மெத்தை எடை அதிகம் உள்ளவருக்கு பொதுக்குன்னு அமுங்கும், அதனால பக்கத்து வீட்டுக்காரர் ஆஹா ஓஹோன்னு சொன்ன மெத்தை உங்களுக்கு ஒத்துவரணும்னு ஒண்ணும் இல்ல.

கடையில வெக்கப்படாம செருப்பக் கழட்டிட்டு, வீட்ல எப்படி படுப்பீங்களோ அப்படியே ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் படுங்க. மல்லாந்து படுத்துட்டு இடுப்புக்கு மேல, முதுகு வளையுற எடத்துல கைய உள்ள விட்டுப் பாருங்க. கை தாராளமா போய்ட்டு வருதுன்னா மெத்தை உங்களுக்கு ரொம்ப கெட்டி, முதுகு அந்தரத்துல நிக்குது. கையே நுழையலன்னா நீங்க ரொம்ப அமுங்கிட்டீங்க. லேசா உரசிக்கிட்டு போகணும், அதுதான் சரி. ஒருக்களிச்சுப் படுக்குறவங்க கூட வந்தவங்கள பின்னாடி நின்னு பாக்கச் சொல்லுங்க, கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் முதுகுத்தண்டு நேர் கோடா இருக்கணும். உங்க தலகாணிய கையோட கொண்டு போனா இன்னும் நல்லது, ஏன்னா தலகாணி உயரம் மாறினாலே கழுத்து கோணம் மாறிடும்.

உள்ள என்ன இருக்குங்கிறதும் முக்கியம். மெமரி ஃபோம் 1966ல நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட்ங்கிறவர் விமான சீட்டுக்கு உருவாக்குனது, உடம்பு சூட்டுக்கு இளகி அந்த வடிவத்துக்கே வந்துடும், அழுத்தம் நல்லா பரவும், ஆனா சூடு பிடிச்சு வச்சுக்கும், ராத்திரி வேர்க்குறவங்க யோசிச்சு வாங்குங்க. லேடெக்ஸ், அதாவது ரப்பர் ஃபோம், அமுக்குனதும் சட்டுன்னு எந்திரிக்கும், ரொம்ப நாள் உழைக்கும், என்ன, தூக்கி நகத்த ரெண்டு ஆள் வேணும். காயர், அதாவது தேங்கா நார், கெட்டியா, காத்தோட்டமா இருக்கும். ஸ்பிரிங்னா பாக்கெட் ஸ்பிரிங் பாருங்க, ஒவ்வொரு சுருளும் தனித்தனி துணிப்பைக்குள்ள இருக்கறதால ஒருத்தர் புரண்டா பக்கத்துல படுத்திருக்கறவர் அதிர மாட்டாரு. சாதா ஃபோம்ல டென்சிட்டி கேளுங்க, அது ஒரு கன மீட்டருக்கு எத்தன கிலோங்கிற கணக்கு. நிறைய பேர் டென்சிட்டின்னா கெட்டித்தன்மைன்னு நினைக்கிறாங்க, ரெண்டும் வேற வேற, டென்சிட்டி சொல்றது எத்தன வருஷம் உழைக்கும்ங்கிறத. தினமும் படுக்க 32க்கு குறையாம பாருங்க, 40 கிடைச்சா ரொம்ப நல்லது.

வீட்டுக்கு வந்தப்புறம் மெத்தைய கெடுக்குறது பெரும்பாலும் ஈரம்தான். தூங்கும்போது வேர்வையும் மூச்சுக்காத்தும் உள்ள இறங்கிட்டே இருக்கு, அது வெளிய போக வழி வேணும். மெத்தைய நேரா தரையில போட்டா அடியில பூஞ்சை பிடிக்கும், தூக்கிப் பாத்தா கருப்பு கருப்பா புள்ளி இருக்கும். கட்டில்ல பலகைக்கு நடுவுல இடைவெளி இருக்கணும், ஆனா ஃபோம் மெத்தைக்கு 7 செ.மீ.க்கு மேல போனா ஃபோம் அந்த சந்துல பிதுங்கி நாசமாயிடும். காலையில எந்திரிச்ச கையோட போர்வைய இழுத்து மூடி அழகா விரிச்சு வைக்காதீங்க, ஜன்னலத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே விட்டுட்டு அப்புறம் விரிங்க. தூசிப்பூச்சி ஈரம் இருந்தாதான் பெருகும், நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல்தான் அதுக்கு சாப்பாடு, அதோட கழிவுதான் பலருக்கு காலைத் தும்மலுக்கு காரணம். பெட்ஷீட்டும் தலகாணி உறையும் வாரா வாரம், முடிஞ்சா 60 டிகிரி வெந்நீர்ல போடுங்க, அந்த சூட்டுல பூச்சி செத்துரும்.

பஞ்சு மெத்தைய வெயில்ல போடுங்க, நல்லா உதறிப் போடுங்க, ஆனா ஃபோமையும் லேடெக்ஸையும் நேரடி வெயில்ல காய வைக்காதீங்க, மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சிடும், நிழல்ல காத்தாட வச்சா போதும். எதாவது கொட்டிட்டா தண்ணிய ஊத்திக் கழுவாதீங்க, உலர்ந்த துணியால ஒத்தி எடுங்க, தேய்க்கவே தேய்க்காதீங்க, பேக்கிங் சோடாவ தூவி சில மணி நேரம் விட்டு வாக்குவம் பண்ணுங்க. முதல் நாளே தண்ணி இறங்காத ப்ரொடெக்டர் உறை ஒண்ணு போட்டுடுங்க, கறை பட்ட மெத்தைக்கு வாரண்டி குடுக்க மாட்டோம்னு நிறைய கம்பெனி சொல்லுது. மூணு மாசத்துக்கு ஒருதடவ தலைமாடு கால்மாடு மாத்திப் போடுங்க, ரெண்டு பக்கமும் படுக்கலாம்னு சொன்ன மெத்தைய மட்டும்தான் கவுத்துப் போடணும்.

எப்ப மாத்தணும்? எட்டு பத்து வருஷம்னு பொதுவா சொல்வாங்க, எனக்கு வருஷக் கணக்க விட ஒரு கயிறு மேல நம்பிக்கை அதிகம். பெட்ஷீட்ட எடுத்துட்டு, மெத்தைக்கு குறுக்கால இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு நூல் கயிற இறுக்கிப் பிடிங்க, வழக்கமா படுக்குற எடத்துல கயிறுக்கும் மெத்தைக்கும் நடுவுல ஸ்கேல் வச்சுப் பாருங்க. யாரும் படுக்காதப்பவே ஒரு இஞ்சு ஒன்றரை இஞ்சு குழி நிக்குதுன்னா மேல ஒரு டாப்பர், அதாவது மெல்லிசான மேல்மெத்தை, வாங்கிப் போட்டு சமாளிக்கப் பாக்காதீங்க, குழிக்கு மேல எதப் போட்டாலும் அதுவும் குழிக்குள்ளதான் இறங்கும். வாரண்டி காலம் பாக்கி இருந்தா அந்த ஸ்கேலோட போட்டோ எடுத்து அனுப்புங்க, அவங்க கேக்குற முதல் விஷயமே பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும்.