இரண்டாம் தடவை உயர்தரம்: பத்தாம் தரப் பிள்ளை கேட்ட கேள்வி

பெறுபேறு வந்து நான்கு நாட்களாகின்றன. முதல் தடவை இணைந்த கணிதத்தில் எஸ் (சாதாரண சித்தி மட்டும்) எடுத்த எனக்கு இம்முறை ஏ கிடைத்திருக்கிறது. மீண்டும் எழுதப்போகிறவர்கள் என்ன செய்தேன் என்று கேட்கிறார்கள். சாதாரணதரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்தேன். வேறொன்றும் புதிதாகச் செய்யவில்லை.

முதல் பெறுபேற்றுக்குப் பின் புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை. ஊர் வாசிகசாலையில் பின்னேர வகுப்பு எடுக்க ஆளில்லை என்று அம்மா வற்புறுத்தியதால் போனேன். இரண்டாம் கிழமை உராய்வு. உராய்வுக் குணகத்தை (இரு மேற்பரப்புகளுக்கிடையே உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்) செவ்வன் மறுதாக்கத்தால் (மேற்பரப்பு பொருளைச் செங்குத்தாகத் தள்ளும் விசை) பெருக்கினால் உராய்வு விசை வரும் என்று, எனக்குத் தனியார் வகுப்பில் சொல்லப்பட்டபடியே கரும்பலகையில் எழுதினேன். முன்வாங்கில் இருந்த பத்தாம் தரப் பிள்ளை என் மேசையைக் காட்டிக் கேட்டாள்: "அப்ப ஒருத்தரும் தள்ளாட்டியும் அந்த விசை இருக்குமெல்லோ அக்கா, மேசை ஏன் தானா ஓடேல்லை?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் விற்றராசும் மரக்குற்றியும் கொண்டுபோய் அவளையே இழுக்கச் சொன்னேன். 1 நியூற்றன், 2 நியூற்றன் என்று வாசிப்பு ஏறியபோதும் குற்றி அசையவில்லை. இழுப்பு எவ்வளவோ அவ்வளவே உராய்வும் இருந்தது. 3ஐத் தாண்டியதும் குற்றி வழுக்கியது, வாசிப்பும் சற்று இறங்கியது. பெருக்கி வரும் பெறுமானம் உராய்வு எட்டக்கூடிய எல்லை மட்டுமே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு பழைய பயிற்சிக் கொப்பிகளைப் புரட்டினேன். எல்லைச் சமநிலை (பொருள் வழுக்கப்போகும் தறுவாய்) என்று வினா சொல்லாத இடங்களிலும் நான் அந்தப் பெருக்கத்தையே சமப்படுத்தியிருந்தேன். ஒப்பமான (உராய்வற்ற) சுவரில், கிடையோடு 45 பாகையில் சாய்ந்து நிற்கும் சீரான ஏணிக்கு நிலத்தின் உராய்வு ஏணியின் நிறையில் சரிபாதி, குணகம் 0.8 என்று தந்திருந்தாலும் அது மாறாது. நான் 0.8ஆல் பெருக்கிவிட்டு, திருப்பச் சமன்பாடு (விசைகளின் சுழற்றும் விளைவைச் சமப்படுத்துவது) ஏன் பொருந்தவில்லை என்று பக்கக்கணக்கில் தேடியிருந்தேன். இதை ஒருவரும் எனக்குத் திருத்தித் தரவில்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

கணிதத்திலும் இதே கதைதான். இருபடிச் சமன்பாட்டின் இருபக்கமும் மாறியை வெட்டிய பையனுக்குப் பூச்சியத் தீர்வு தொலைவதை விளக்கிய பிறகுதான், திரிகோணகணிதத்தில் சைனை வெட்டும் என் பழக்கம் நின்றது.

படிப்பிக்க நினைப்பவர்களுக்கு:
- கிழமைக்கு இரண்டு நாள் போதும்.
- குறிப்பைப் பார்க்காமல் விளக்குங்கள். தடுமாறும் இடத்தை உடனே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எனக்குக் கடைசி மாதத்தில் அந்தக் கொப்பிதான் பாடப்புத்தகம்.
- "ஏன்" என்று கேட்கும் பிள்ளையை முன்வாங்கில் இருத்துங்கள்.

அறையைப் பூட்டிக்கொண்டு தனியே படிப்பதால் பிழை பிடிபடும் என்று நான் இனி நம்பமாட்டேன். இரசாயனவியலுக்கு மட்டும் இந்த வழி அவ்வளவாக உதவவில்லை. அங்கே கடந்தகால வினாத்தாள்களே துணை.

மண்டபத்தில் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தில், நிலையியல் வினாக்களில் மூன்று சொற்களை மட்டும் தேடினேன்: கரடான, ஒப்பமான, எல்லைச் சமநிலை. மூன்றாவது சொல் இல்லாத வினாவில் உராய்வைத் தெரியாக் கணியமாகவே வைத்துத் தொடங்கினேன்.