அப்பா–மகள் காமெடி எடுக்கிறீர்களா? முதலில் மகளின் நேரத்தைக் குறியுங்கள்

வேலைக்கு ஓடும் அப்பா, பள்ளிக்குக் கிளம்பாத ஆறு வயது மகள். குடும்பக் காமெடிக்கு இந்தக் கரு என்றைக்கும் வற்றாது. குறும்படம் எடுப்பவர்களும் முதல் படம் எடுப்பவர்களும் அடிக்கடி இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். கதை நன்றாகவே இருக்கும். கோட்டை விடுவது ஷெட்யூல் போடும்போது. அப்பாவாக நடிப்பவரின் கால்ஷீட்டை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, குழந்தையை நடுவில் செருகுவார்கள். மாலை ஆறு மணிக்குத் தூக்கம் சொக்கும் குழந்தையிடம் எந்த இயக்குநராலும் சிரிப்பை வாங்க முடியாது.

சட்டமே நமக்கு ஒரு நல்ல ஷெட்யூலைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதற்கான விதிகள் 2017-இல் வந்தன. அதன்படி ஒரு குழந்தை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது. ஓய்வு இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேலும் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும்.

ஆகவே காலை 9 முதல் 12 வரை மகள். பிறகு சாப்பாடு, தூக்கம். 2 முதல் 4 வரை மறுபடி மகள், அதுவும் வசனம் குறைவான ஷாட்கள் மட்டும். அப்பாவின் க்ளோசப், ஆபீஸ் காட்சி, போனில் மேனேஜரிடம் கெஞ்சுவது எல்லாம் மதிய இடைவெளியிலும் நாலு மணிக்குப் பிறகும்.

இதனால் படத்துக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மகள் ஏதோ சொல்வாள், தியேட்டர் சிரிப்பது அதைக் கேட்ட அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான். அந்த முகத்தை அவள் வீட்டுக்குப் போன பிறகும் எடுக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: அவள் கிளம்புவதற்கு முன் அவள் கண் இருந்த உயரத்தை அளந்து, ஒரு லைட் ஸ்டாண்டில் டேப் ஒட்டிவிடுங்கள், அப்பா நடிகர் அதைப் பார்த்தே நடிக்கட்டும். உதவி இயக்குநர் அவள் இடத்தில் நின்று வசனம் கொடுத்தால், நடிகரின் பார்வை தன்னையறியாமல் அவர் முகத்துக்கு ஏறிவிடும். எடிட்டிங்கில் அப்பா மகளின் தலைக்கு மேலே யாரையோ பார்ப்பது போலிருக்கும்.

மகளின் பக்கம் எடுக்கும்போது கேமராவைத் தரையிலிருந்து மூன்றரை அடிக்கு இறக்குங்கள். முடிந்தால் ஒரே பக்கத்தில் இரண்டு கேமரா, ஒன்று தூரத்திலிருந்து முழுக்க எடுக்கும் வைட், ஒன்று முகத்தை நெருங்கி எடுக்கும் டைட். குழந்தை முதல் தடவை காட்டும் ஆச்சரியம் நாலாவது டேக்கில் இருக்காது.

ஜடை பின்னும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அப்பா ரெட்டை ஜடை போடுகிறார். எழுதும்போது அரைப் பக்கம், எடுக்கும்போது அரை நாள். ஒருமுறை பின்னி அவிழ்த்த முடியில் நெளி விழுந்துவிடும். அதற்குப் பிறகு எடுக்கிற ‘இப்போதுதான் தலை வாரினாள்’ ஷாட்டை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் கதை வரிசையிலேயே எடுங்கள்: முதலில் விரித்த முடி, அடுத்து கோணல் வகிடு, அப்புறம் ஒன்று ஏறி ஒன்று இறங்கிய ஜடைகள். எண்ணெய் எவ்வளவு என்பதை முதல் ஷாட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் கூட்டினால் லைட்டில் பளபளப்பு மாறிக் காட்டிக்கொடுக்கும். முடிச்சுப் போட்டுக் கசங்கிய ரிப்பன் திரும்ப உதவாது, ஐந்தாறு ஜோடி கையில் இருக்கட்டும். சீருடை மூன்று செட். நடிகருக்கு நிஜமாகவே ஜடை பின்னத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. தெரிந்தவர் வேண்டுமென்றே தப்பாகப் பின்னும்போதுதான் கை சரியான இடத்தில் தடுமாறும். தெரியாதவர் இழுத்தால் குழந்தைக்கு வலிக்கும், அன்றைக்கு அத்தோடு ஷூட்டிங் முடிந்தது.

வசனத்தை முந்தைய நாளே அம்மாவிடம் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். பள்ளி ஆண்டுவிழாவில் ஒப்பிக்கும் ராகம் ஏறிவிடும், அதை இறக்குவது பெரும்பாடு. சூழ்நிலையை மட்டும் குழந்தையிடம் சொல்லிவிட்டு, ஐந்தாறு வார்த்தைக்குள் அடங்கும் வரிகளை அப்பா நடிகரே கேள்வி கேட்டு வரவழைக்கட்டும்.

அழுகைக் காட்சிக்காகக் குழந்தையைப் பயமுறுத்துவதும் பொய் சொல்வதும் கூடவே கூடாது. கிளிசரினும் வேண்டாம். முதுகைக் காட்டி உட்கார வையுங்கள், தோள் லேசாகக் குலுங்கினால் போதும். கேமரா அப்பா மேல் இருக்கட்டும், விசும்பலை டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பா மாறுவேஷம் போடுகிற கதையென்றால் கணக்கே வேறு. 1993-இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’, 1996 தீபாவளிக்கு வந்த ‘அவ்வை சண்முகி’ இரண்டிலும் அப்பாவின் முகத்துக்கு மணிக்கணக்கில் மேக்கப் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் அவரை விடியற்காலையில் அழையுங்கள். மேக்கப் முடிய அரை மணி இருக்கும்போது குழந்தை வந்தால் போதும். முன்னாலேயே வரவழைத்தால் அதன் உற்சாகமெல்லாம் காத்திருப்பிலேயே கரைந்துவிடும்.

கடைசியாகப் பல். ஆறு, ஏழு வயதில் முன்பல் விழும். குழந்தையைத் தேர்வு செய்யும் அன்றே எந்தப் பல் ஆடுகிறது என்று பாருங்கள். ஆடினால் க்ளோசப், சிரிக்கும் ஷாட் எல்லாவற்றையும் முதல் ஷெட்யூலிலேயே முடித்துவிட வேண்டும். பல் விழுந்துவிட்டால் ‘ச’வும் ‘ஸ’வும் காற்றாகப் போகும், அதனால் டப்பிங்கையும் தள்ளிப்போட முடியாது. ஷெட்யூல் முடிந்த வாரமே அவள் பகுதியை மட்டும் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். நம் படங்களில் குழந்தைக்குப் பெரியவர் ஒருவர் குரலைக் குழைத்துப் பேசுவது வெகுகால வழக்கம். மற்ற படங்களில் அது பெரிதாக உறுத்தாமல் போகலாம். படம் முழுக்க அந்தக் குரலோடுதான் அப்பா மல்லுக்கட்டுகிறார் என்னும்போது, இரண்டாவது காட்சியிலேயே தெரிந்துவிடும். அவள் குரலிலேயே பேச வையுங்கள், மழலை கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை.