நீலமும் சிவப்பும்

டெல்லியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மே மாதம். செயற்கைக்கோள் படங்களிலிருந்து தரையின் வெப்பநிலையைக் கணக்கிட்டு வரைபடம் போடும் வேலை. மேற்கு ராஜஸ்தான் என் தலையில் விழுந்தது. எடுத்தது மார்ச் மாதத்து லேண்ட்சாட் படம், கோதுமை பச்சையாக நிற்கும் நேரம். இந்திரா காந்தி கால்வாயை ஒட்டிய வயல்கள் நீலம், அதாவது குளிர்ச்சி. பக்கத்து மணல்வெளி ஒரே சிவப்பு.

எனக்கு இடித்தது. மணல் வெளிர் நிறம், வெயிலைத் திருப்பி அனுப்பும். மொட்டை மாடிக்கு வெள்ளையடிப்பது அதற்குத்தானே? எங்கேயோ தலைகீழாகிவிட்டது என்று நானே முடிவு கட்டி, நிறங்களை மாற்றி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் எங்கள் பிரிவின் மூத்தவர், திருநெல்வேலிக்காரர், கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, வெயில் நேரத்தில் மணலில் செருப்பில்லாமல் நின்றிருக்கிறாயா?"

"இல்லை சார்."

"சரி, ரூமில் கூலர் இருக்கா?"

இருந்தது. முனிர்க்கா ரூம் ஜன்னலில் ஒரு தகரப்பெட்டி. தட்டியில் புல் காய்ந்து கிடந்தால் அனல்தான் வரும். மோட்டார் தண்ணீரை ஏற்றி, புல் நனைந்து சொட்ட ஆரம்பித்ததும் போர்வை தேடுவேன்.

"கோதுமை வயலும் அப்படி ஒரு தட்டிதான்ப்பா."

வாங்கிய வெயிலில் பெரும்பங்கை இலைகள் நீரை ஆவியாக்கியே செலவழித்துவிடுகின்றன. மணல் வாங்குவது குறைவு, ஆனால் செலவழிக்கத் தண்ணீர் இல்லை, சுடத்தான் செய்யும்.

என் சந்தேகம் முழு அபத்தமும் இல்லையாம். 1975இல் ஜூல் சார்னி என்ற வானிலை விஞ்ஞானி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதி வறட்சிக்கு ஏறக்குறைய இதையே காரணமாகச் சொன்னார். மேய்ச்சலில் செடிகொடி போனால் தரை வெளுக்கும், வெயிலில் கிடைக்கும் ஆற்றல் குறையும், மேல்காற்று கீழிறங்கும், மழைமேகம் திரளாது. அவர் குழுவின் கணினி மாதிரியில் தரை திருப்பி அனுப்பும் ஒளியை 14 சதவீதத்திலிருந்து 35 ஆக்கியதும் சஹேலின் மழை சுமார் 40 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் கடலின் வெப்பநிலையை முதல் காரணமாக்கி, செடி அழிவை வறட்சியை இழுத்துப் பிடிக்கும் துணைக் காரணமாக வைத்தன. தரை சுடும்போதே அதன் மேலுள்ள காற்றுக்கு மொத்தத்தில் கிடைக்கும் ஆற்றல் குறைவு என்பது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது.

வரைபடத்தைத் திருத்தி அனுப்பினேன். கொஞ்சம் அசடு வழிந்தது, அவ்வளவுதான்.

ஜூலையில் மழை வந்தது. காற்றிலேயே ஈரம், கூலர் ஓடியும் பிசுபிசுப்புதான் மிச்சம். கால்வாய்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் டிரைவர், "முன்பெல்லாம் ஊரில் ராத்திரி மணல் சில்லென்று இருக்கும் சார், இப்போது வியர்க்கிறது" என்று சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது. சரிபார்க்கலாம் என்று கோப்புகளைத் திறந்தேன். என்னிடம் இருந்தவை எல்லாமே காலை பத்தரை மணி வாக்கில் எடுத்த படங்கள்.