காரை கொத்தும் குருவிகள்

பிப்ரவரி 6, கானாடுகாத்தான்

பின்கட்டுச் சுவரில் காரை பெயர்ந்து கொட்டிக் கிடக்கும் இடத்திற்கு, வெயில் தாழ்ந்த பிறகு பெண் சிட்டுக்குருவிகள் வந்து இறங்குகின்றன. குருணையளவுத் துணுக்கு ஒன்றை அலகில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் கீழே போட்டுவிட்டு, வேறொன்றைத் தேடி விழுங்குகின்றன. ஆண் குருவி ஓட்டு விளிம்பில் உட்கார்ந்து கத்துவதோடு சரி.

பிப்ரவரி 9

முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். கோழி முட்டையிடத் தொடங்குமுன் அதன் எலும்புகளின் உட்குழியில் தற்காலிகமாக ஓர் எலும்புத் திசு படிகிறது. இரவில் இரை இல்லாத வேளையில் ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தில் ஒரு பங்கை அது கொடுக்கிறது. சிறு பறவைகளுக்கு இந்தச் சேமிப்பு போதாது. பட்டாணிக்குருவி ஓர் ஈட்டில் இடும் முட்டைகளின் ஓடுகளில் அதன் எலும்புக்கூட்டில் இருப்பதைவிடக் கூடுதல் கால்சியம் இருக்கும் என்றால், விதையிலும் புழுவிலும் அது சொற்பமே என்பதால், அன்றன்றைய தேவையை நத்தை ஓடு, எலும்புத் துணுக்கு, சுண்ணாம்பு என்று வெளியே தேடித்தான் தீர வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால் மாலைத் தேடலுக்குப் பொருள் உண்டு.

பிப்ரவரி 14

நெதர்லாந்தில் அமில மழையால் மண்ணின் சுண்ணச்சத்துக் கரைந்து நத்தைகள் அருகிய காடுகளில், பட்டாணிக்குருவிகள் மெல்லிய, நுண்துளை மிகுந்த ஓடுள்ள முட்டைகளை இட்டதை 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே காடுகளில், உல்லாசப் பயணிகள் கோழிமுட்டை ஓட்டைப் போட்டுச் சென்ற இடங்களுக்கு அருகே கூடு கட்டியவை தப்பின. நம் செம்புறாங்கல் பூமியும் சுண்ணச்சத்துக் குறைந்ததே. ஆனால் கடல் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைச் செட்டிநாட்டார் சுவர் சுவராகப் பூசி வைத்திருக்கிறார்கள். குருவிகளுக்கு இதைவிட வாய்ப்பான ஊர் அமைவது அரிது.

பிப்ரவரி 19

பின்சுவருக்குச் சிமெண்ட் பூச ஆச்சி கொத்தனாரை வரச்சொல்லிவிட்டார். அந்தப் பூச்சு குருவி அலகுக்கு எளிதில் உதிர்ந்து கொடுக்காது. முட்டை ஓடு போடலாமா என்று கேட்டேன். “வளவுக்குள்ள வேணாம் தம்பி, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால போட்டுக்குங்க” என்றார். கிருமி சாக அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, நொறுக்கித் தூவினேன். முதலில் வந்த காக்கை பெரிய துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விட்டது. நாளை அம்மியில் வைத்து இன்னும் சிறிதாக நுணுக்க வேண்டும்.