பொலிகாளையின் பின்னங்கால்

மேலூர்ப் பக்கம், பசுவைச் சினைப்படுத்த விடும் பொலிகாளையை வளர்ப்பவர்கள் என்னிடம் நொண்டலைச் சொல்லி வருவது குறைவு. "டாக்டர், காளைக்கு ஆசை விட்டுப்போய்விட்டது, ஒரு ஊசி போடுங்கள்" என்றுதான் பேச்சு தொடங்கும். பசுவை முகர்கிறது, மேலுதட்டைச் சுருட்டுகிறது, ஆனால் ஏறுவதில்லை. ஆசை அப்படியே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஏறும்போது உடம்பின் பாரம் பின்னங்கால்களில் இறங்குகிறது. மூட்டு வலிக்கும் காளை எப்படி ஏறும்? கெட்டியான தரையில் நடத்திப் பார்த்தால் எடுத்து வைக்கும் அடி குறுகியிருக்கும், குளம்பு நுனி மண்ணைக் கீறும்.

இரண்டு வயது நிரம்பாத காளைகளில் இதைக் காணும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அடிபட்டிருக்காது, காய்ச்சல் இருக்காது, தொடைக்குக் கீழுள்ள மூட்டில் மட்டும் நீர் கோத்திருக்கும். வளரும் கன்றின் மூட்டுக் குருத்தெலும்பு அடியிலிருந்து எலும்பாக மாறிக்கொண்டே வர வேண்டும். தீனி மிகுந்து உடம்பு வேகமாகப் பெருத்தால் அந்த மாற்றம் பின்தங்குகிறது. தடித்த குருத்தெலும்பு வெடித்து, சில காளைகளில் சில்லாகப் பெயர்ந்து மூட்டுக்குள்ளேயே உரசுகிறது.

பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு என்று வாரி வைப்பது பாசத்தால்தான். ஆனால் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தாது உப்புக் கலவையோ பல வீடுகளில் கறவைப் பசுவுக்கு மட்டும்தான். சிலர் நேர்மாறாக, பசுவின் கால்சிய டானிக்கைக் காளைக்கும் மாதக்கணக்கில் ஊற்றுகிறார்கள். பாலில் கால்சியத்தை இழக்காத உடம்பு அது. நெடுநாள் மிகுதியாகக் கொடுத்தால் முதுகெலும்பில் எலும்பு முளைகள் வளரும். கிடையோடு நடந்து மேயும் புலிக்குளம் இனக் காளைகளிடம் இந்த மூட்டு வீக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

வலி ஊசி போட்ட மறுநாளே காளையைப் பசுவிடம் விடுபவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். வலி மறைந்த கால் தன்னைக் காத்துக்கொள்ளாது. மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் தேய்ந்துபோகும். தீனியைக் குறைத்து, சிமெண்ட் தளத்தை விட்டு மண் தரையில் கட்டி, மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தால் சில காளைகள் தேறுகின்றன.

பின்னங்காலின் நடுவிலுள்ள குதிமூட்டு வளைவில்லாமல் கம்புபோல் நிமிர்ந்த கால் என்றால், தேறினாலும் இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கால்வாகு கன்றுகளுக்கும் இறங்கும். "வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தோமே" என்பார்கள். வளருங்கள், பசுவிடம் மட்டும் விடாதீர்கள் என்பேன்.