பத்தொன்பதாவது செல்: மின்சாரத்துக்கு மாறிய அம்பாசடரில் ஒரு பழுதைத் தேடிக் கண்ட அனுபவம்

சென்ற ஐப்பசியில் மருதமலை மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது எங்கள் அம்பாசடர் ஒரு வளைவில் திடீரென்று நின்றுவிட்டது. பேட்டரியில் 40 சதவீதம் மின்சாரம் இருப்பதாக மீட்டர் காட்டியது. வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி போட்டால் ஓடியது. ஏற்றத்தில் மிதித்தவுடன் மீண்டும் நின்றது. பின்னிருக்கையில் அம்மா இருந்ததால் மேலே போகும் எண்ணத்தைக் கைவிட்டு, இறக்கத்தில் மெல்ல உருட்டியே கோயம்புத்தூர் வந்து சேர்ந்தோம்.

அப்பா வாங்கிய 1986-ஆம் ஆண்டு மார்க் 4 வண்டி அது. அதன் 1489 சிசி பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றுவதற்கான ஏஐஎஸ் 123 தரவிதிப்படி ஒப்புதல் பெற்ற மோட்டார் தொகுப்பைப் பொருத்தி, ஆர்சி புத்தகத்திலும் எரிபொருள் மாற்றத்தைப் பதிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பழைய கியர்பாக்ஸையும் பின் அச்சையும் அப்படியே வைத்துக்கொண்டோம். 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் முப்பதை வரிசையாக இணைத்த 96 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி அதில் இருக்கிறது. பதினாறு செல்கள் முன்னே பானட்டுக்கு அடியிலும், பதினான்கு செல்கள் பின்னே டிக்கியிலும் உள்ளன.

பேட்டரியைக் காக்கும் மின்னணு அமைப்பான பிஎம்எஸ் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியே கவனிக்கும். முப்பதில் ஏதேனும் ஒன்று 2.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் முழு வண்டியையும் நிறுத்திவிடும். அதன் பதிவை எடுத்துப் பார்த்தபோது, ஏற்றத்தில் 220 ஆம்பியர் இழுத்த நேரத்தில் மற்ற செல்கள் எல்லாம் 3.15 வோல்ட்டை ஒட்டி நிற்க, பத்தொன்பதாவது மட்டும் 2.53-க்கு விழுந்திருந்தது. பேட்டரியைக் கட்டிக்கொடுத்தவர்களிடம் தொலைபேசியில் சொன்னேன். செல் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நானும் அதை நம்பிப் புதிய செல்லுக்கு விலை விசாரித்தேன். செல்களைச் சமன் செய்தால் சரியாகுமோ என்று இரண்டு நாள் சார்ஜரிலேயே போட்டும் வைத்தேன், பயனில்லை.

வண்டி ஓடாமல் நிற்கும்போது பத்தொன்பதாவது செல் மற்றவற்றோடு இம்மியும் பிசகாமல் 3.30 வோல்ட் காட்டியதுதான் என்னை யோசிக்க வைத்தது. சக்தி குறைந்த செல்லாக இருந்தால், மற்றவற்றைவிட முன்னதாகவே காலியாகி, ஓய்விலும் தாழ்ந்து நிற்க வேண்டும். இன்னொன்றையும் கவனித்தேன்: சார்ஜ் ஏறும்போது அதே செல் மற்றவற்றைவிட 0.04 வோல்ட் அதிகமாகக் காட்டியது. மின்சாரம் வெளியேறும்போது தாழ்வாகவும், உள்ளே வரும்போது உயர்வாகவும், ஓட்டமே இல்லாதபோது சமமாகவும் இருந்தால், வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். அந்தத் தடை செல்லுக்குள்ளேயும் இருக்கலாம், செல்லை அடுத்த செல்லோடு இணைக்கும் செம்புத் தகட்டின் இணைப்பிலும் இருக்கலாம். வோல்ட்டை அளக்கும் பிஎம்எஸ்ஸின் உணர்கம்பி செல்லின் முனையத்தில் இல்லாமல் தகட்டின்மேல் பொருத்தப்பட்டிருந்ததால் இரண்டையும் அது ஒன்றாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பிரித்தறிய எளிய வழி உண்டு. சார்ஜரின் 15 ஆம்பியர் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் செல்லின் முனையத்திலும் மறு முனையை அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தகட்டிலும் வைத்து அளக்க வேண்டும். மற்ற இணைப்புகளில் ஒன்று, ஒன்றரை மில்லிவோல்ட் காட்டிய மீட்டர் பத்தொன்பதில் 42 காட்டியது. அதாவது 2.8 மில்லி ஓம். கேட்பதற்கு அற்பமான அளவுதான். ஆனால் 220 ஆம்பியர் ஓடும்போது அதுவே 0.6 வோல்ட்டை விழுங்கி, சுமார் 135 வாட் வெப்பத்தை அந்த ஒரே நட்டுக்கு அடியில் கொட்டுகிறது. செல்லைப் புதிதாக மாற்றியிருந்தாலும் அதே தகடு, அதே இடத்தில் கொதித்துக்கொண்டிருந்திருக்கும் என்று எண்ணியபோது எனக்கு உண்மையிலேயே பதறியது.

எங்கள் வண்டியை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனை அழைத்து இருவருமாகப் பெட்டியைத் திறந்தோம். சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்து, ஸ்பேனர்களின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டுதான் கை வைத்தோம். பிளக்கைப் பிடுங்குவதால் சுற்று அறுபடுமே தவிர, செல்லுக்குள் இருக்கும் மின்சாரம் எங்கும் போய்விடாது; ஒரு ஸ்பேனர் இரண்டு முனையங்களில் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். நட்டை அசைத்துப் பார்த்த அண்ணன், "நட்டு இறுக்கமாத்தானுங்க தம்பி இருக்குது, தகடுதான் உக்காரலை" என்றார்.

கழற்றித் திருப்பியபோது அவர் சொன்னது கண்ணுக்கே தெரிந்தது. தகட்டின் அடிப்பக்கத்தில் பிறை அளவுக்கு ஓர் ஓரம் மட்டும் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் பழுப்பேறி மங்கியிருந்தது. அடுத்தடுத்த இரு செல்களின் முனையங்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் உயர வேறுபாடு இருந்தது. வளையாத கெட்டித் தகடு என்பதால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. டிக்கிக்குக் கீழே பட்டை வில்களில் இருந்து வரும் அதிர்வும், மழைக்கால ஈரமும், அலுமினிய முனையத்தின்மேல் செம்பு உட்கார்ந்திருப்பதும் சேர்ந்து மிச்சத்தைக் கெடுத்திருக்கின்றன. மெல்லிய செம்புத் தாள்களை அடுக்கிச் செய்த வளையும் தகட்டை வாங்கி, முனையத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, கான்டாக்ட் கிரீஸை மெலிதாகத் தடவி, செல்லின் தரவுத்தாளில் சொன்ன 6 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கினோம். அலுமினியத்தில் மரை எளிதில் போய்விடும் என்பதால் கைக்கணக்கில் இறுக்கக் கூடாது.

அன்றைக்கே முன்சக்கரங்களையும் கழற்றினோம். மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து வேகம் குறைப்பதால் டிரம் பிரேக்குக்கு வேலை குறைவு. அதனாலேயே இடப்பக்கத்து வீல் சிலிண்டர் துருவேறி இறுகிப்போயிருந்தது. என்ஜின் ஆயில் மாற்றும் சாக்கில் முன்பெல்லாம் வண்டி லிஃப்டில் ஏறும், முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னுக்கும் கிரீஸ் கிடைக்கும். இப்போது அந்தச் சாக்கு இல்லாததால் நாள் குறித்து நாமே ஏற்ற வேண்டியிருக்கிறது.

இப்போது மழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை அத்தனை இணைப்புகளையும் 15 ஆம்பியரில் அளந்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் இணைப்பின் சூட்டைப் பார்ப்பதானால் பளபளக்கும் தகட்டில் கறுப்பு டேப்பைச் சிறிதாக ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். வெறும் செம்பின்மேல் அது குறைவாகவே காட்டும். இறுக்கிய நட்டுகளின்மேல் தகடு வரை இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு இருக்கிறது. கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தை மாதத்தில் அம்மாவை மறுபடி மருதமலைக்கு அழைத்துப் போனேன். அதே வளைவில் 215 ஆம்பியர் ஓடியபோது பத்தொன்பதாவது செல் 3.14 காட்டியது.